‘சிக்னல் இல்லை’ என்பது விடையன்று

எல்லைப்புறத்தில் இருந்துகொண்டு ஆய்வு செய்யும் நண்பர்களை எண்ணி இப்பதிவை எழுதுகிறேன். சற்று நீளமானது. பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். இடுக்கியில் மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு, குமுளி. இவ்வூர்களின் தமிழ் மாணவர்களிடம் பேசினால் ஒரு குறை தவறாமல் காதில் விழும். கணினியில் நிறுவிய மின்னஞ்சல் செயலி, அது தண்டர்பேர்டாயினும் அவுட்லுக்காயினும், சில வேளைகளில் வேலை செய்கிறது. சில வேளைகளில் செய்வதில்லை. முற்றிலும் நின்றுபோனால் யாரையேனும் அழைத்துச் சரிசெய்துவிடலாம். விட்டுவிட்டு வரும் கோளாறோ பழுது பார்ப்பவர் வந்து அமர்ந்ததும் மறைந்துவிடும். இறுதியில் ‘இங்கே சிக்னல் அப்படித்தான்’ என்ற ஒரே வாக்கியத்தோடு எல்லோரும் கலைந்துவிடுகிறோம்.

அவ்வாக்கியம் விடையன்று என்பதே என் கருத்து. அது விசாரணையை நிறுத்துகிறது. அத்துடன் பழியையும் இடம் மாற்றுகிறது. உதவித்தொகை விண்ணப்பமோ கருத்தரங்கக் கட்டுரையோ அவுட்பாக்ஸில் கிடக்கையிலேயே கெடு முடிந்துவிட்டால், ‘முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டாமா?’ என்ற கேள்வி மாணவரை நோக்கித்தான் எழும். கோளாறு எங்கே நிகழ்ந்தது என்று எவரும் கேட்பதில்லை.

ஆகவே முதலில் அந்த ‘எங்கே’ என்பதைப் பார்ப்போம். நம் கணினியிலிருந்து கைப்பேசி ஹாட்ஸ்பாட் அல்லது ரவுட்டர், அங்கிருந்து டவர் அல்லது கண்ணாடியிழைக் கம்பி, பிறகு சேவை நிறுவனத்தின் கருவிகள், கடைசியாக அஞ்சல் சர்வர் என்று வழி பல கண்ணிகளால் ஆனது. திரையின் மூலையில் தெரியும் வைஃபை குறி முதற் கண்ணிக்கு மட்டுமே சான்று. ‘வைஃபை முழுதாக இருக்கிறது, ஆனால் அஞ்சல் போகவில்லை’ என்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

எல்லைப்புறத்துக்கெனச் சில தனிக் காரணங்களும் உள்ளன. எல்லையை ஒட்டிய வீட்டில் கைப்பேசி ஒரு நேரம் கேரள வட்டத்தின் டவரையும், மறுநேரம் தமிழ்நாட்டு வட்டத்தின் டவரையும் பற்றக்கூடும். மாற்றத்தின்போது இணைய முகவரியும் மாறினால், பழைய முகவரியில் நடந்துகொண்டிருந்த உரையாடல் அறுந்துவிடும். இணையப் பக்கத்தைத் திறப்பவர் இதை உணரமாட்டார். பக்கம் மீண்டும் வந்துவிடும். மின்னஞ்சல் செயலியோ சர்வருடனான இணைப்பைத் தொடர்ந்து திறந்தே வைத்திருக்க முயல்வது. ஆகையால் அடி அதற்கு விழுகிறது.

இன்னொரு காரணம் மௌனம். ஐமேப் நெறிமுறையில், புதிய அஞ்சல் வந்தால் சர்வர் தானே அறிவிக்கும் வசதி 1997இல் சேர்க்கப்பட்டது. அதன்படி செயலி 29 நிமிடங்கள் வரை பேசாமல் காத்திருக்கலாம். ஆனால் முகவரிப் பற்றாக்குறை காரணமாகச் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின்கீழ் வைக்கின்றன. யாருடைய உரையாடல் எது என்பதை இடையிலுள்ள கருவி நினைவில் வைத்திருக்க வேண்டும். குறைந்தது 2 மணி 4 நிமிடம் நினைவில் வைக்க வேண்டுமென 2008இல் வெளியான தரக்குறிப்பு ஒன்று வகுத்தது. நடைமுறையில் பல கருவிகள் சில நிமிட மௌனத்திலேயே மறந்துவிடுகின்றன. மறந்ததை எவருக்கும் அறிவிப்பதும் இல்லை. செயலி இணைப்பு இருப்பதாகவே நம்பிக் காத்துக் கிடக்கிறது.

மொழியியல் பயின்றவள் என்ற முறையில் இங்கே ஒன்றைக் கவனப்படுத்த விரும்புகிறேன். பிழைச்செய்திகளை நாம் வாசிப்பதில்லை, மூடிவிடுகிறோம். அவை ஆங்கிலத்தில் இருப்பது ஒரு காரணம். ஆனால் அவற்றுக்குள் தெளிவான பொருள் வேறுபாடு உண்டு. ‘சர்வரைக் கண்டுபிடிக்க இயலவில்லை’ என்றால் பெயரை முகவரியாக மாற்றும் படியிலேயே தடை. ‘நேரம் கடந்துவிட்டது’ என்றால் கேட்டோம், பதில் வரவில்லை. தண்டர்பேர்டு இயல்பாக 100 விநாடிகள் காத்திருந்து இதைச் சொல்லும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்றால் மறுமுனையிலோ வழியிலோ ஏதோ ஒன்று பதில் தந்திருக்கிறது. போர்ட் எண்ணைச் சோதிக்க வேண்டும். ‘சான்றிதழ் செல்லாது’ என்றால் முதலில் கணினியின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்; மின்வெட்டு மிகுந்த ஊரில், பழைய மேசைக்கணினியின் உள் மின்கலம் தீர்ந்திருந்தால், ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். நான்கு வாக்கியங்கள் நான்கு இடங்களைச் சுட்டுகின்றன. நாமோ நான்கையும் ‘சிக்னல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம்.

இதில் மிகத் தீங்கானது கடவுச்சொல் குழப்பம். உள்நுழையும் தருணத்தில் இணைப்பு அறுந்தால் செயலி மீண்டும் கடவுச்சொல்லைக் கேட்பதுண்டு. அதைக் கண்டதும் கடவுச்சொல்லையே மாற்றிவிடுகிறோம். கைப்பேசியும் மற்றொரு கணினியும் பழைய கடவுச்சொல்லோடு தொடர்ந்து தட்டிக்கொண்டிருக்க, கணக்கு தற்காலிகமாக முடக்கப்படுவதும் உண்டு. இல்லாத நோய்க்கு மருந்துண்டு புதிய நோயை வரவழைப்பது இது. நேற்று வேலை செய்த கடவுச்சொல் இன்று தானாகக் கெடாது. பல மாதங்களாகத் திறக்காத செயலி என்றால் மட்டும், உள்நுழைவு முறையே மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூகுள் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொண்டு செயலிகள் நுழைவதை நிறுத்தத் தொடங்கியது.

பிறகு எப்படிக் கண்டறிவது? ஒலியனியலின் முதற்பாடத்தையே பரிந்துரைப்பேன். கலை, களை, கழை ஆகிய சொற்களில் ஓர் ஒலி மட்டும் மாற, மற்றவை அப்படியே நிற்கின்றன. அதனால்தான் ல, ள, ழ மூன்றும் தனித்தனி ஒலியன்கள் என்று உறுதியாகச் சொல்கிறோம். கோளாறு பார்க்கும்போதும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதே கணினி, அதே கணக்கு, வேறு இணைப்பு. அதே இணைப்பு, அதே கணினி, வேறு கணக்கு. இணைப்பும் கணக்கும் அப்படியே இருக்க, வைரஸ் தடுப்புச் செயலியின் அஞ்சல் சோதனையை மட்டும் நிறுத்திப் பார்த்தல். ரவுட்டரை அணைத்து, கடவுச்சொல்லை மாற்றி, செயலியையும் நீக்கி நிறுவினால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. அடுத்த வாரம் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

களக்குறிப்பேடு வைத்திருப்பவர்கள் நாம். நாள், நேரம், இடம், எந்த இணைப்பு, மழையா, மின்வெட்டா, பிழைச்செய்தியின் சொற்கள், அஞ்சலின் அளவு ஆகியவற்றை ஒரு வாரம் குறித்தாலே ஒழுங்கு புலப்படத் தொடங்கும். சிறிய அஞ்சல் போகிறது, இணைப்புக் கோப்பு மட்டும் நின்றுவிடுகிறது என்றால் அது வேறு கோளாறு. கோப்பு அஞ்சலில் ஏறும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

குறிப்பேடு கைகொடுக்கும் வரை சில அமைப்புகள் உடனே உதவும். அஞ்சல்களைக் கணினியிலேயே சேமிக்கச் செய்தால் இணைப்பு இல்லாதபோதும் வாசிக்கலாம், எழுதலாம். தண்டர்பேர்டு ஒரு கணக்குக்கு இயல்பாக 5 இணைப்புகள் வரை வைத்திருக்கும். அதை 1 அல்லது 2 ஆகக் குறைக்கலாம். ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகளையே ஏற்கும் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். சர்வர் அறிவிப்புக்குக் காத்திருப்பதை நிறுத்தி, 10 நிமிடங்களுக்கு ஒருமுறை செயலியே சென்று பார்க்கும்படி வைக்கலாம். காத்திருப்பு நேரத்தை 100 விநாடிக்கு மேல் உயர்த்தலாம். இன்னொன்று: அஞ்சலை அனுப்புவதும், அனுப்பியதன் நகலைச் சர்வரில் சேமிப்பதும் இருவேறு செயல்கள். நகல் சேமிப்பு தோற்றதாக வரும் செய்தியை, அஞ்சல் போகவில்லை என்று கொண்டு ஒரே கட்டுரையை மும்முறை அனுப்புகிறவர்கள் உண்டு.

இவையெல்லாம் நம் பக்கத்துப் பொறுப்பு. மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும்.

மின்னஞ்சல் இயல்பிலேயே பொறுமையானது. ஒரு சர்வர் மற்றொன்றை அடைய முடியாதபோது உடனே கைவிடுவதில்லை. 4 அல்லது 5 நாட்களாவது மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்பது நெறிமுறையின் அறிவுரை. வழி அறுபடும் என்பதை ஏற்றுக்கொண்டே அது வடிவமைக்கப்பட்டது. நம் கல்வி நிறுவனங்களின் கெடுக்களோ வழி அறுபடாது என்ற நம்பிக்கையில் எழுதப்படுகின்றன. மாலை 5 மணி என்றால் 5 மணி. அதுவும் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். பாதியில் அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இணையத்தை அணுகுவது கல்வியுரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில், மாணவி ஃபஹீமா ஷிரின் வழக்கில் தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5 அன்று மாநில அரசு கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் அணுகல் என்பதை ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்ற இரு சொற்களால் அளக்க இயலாது. நிலைத்திருக்கிறதா என்பதே மலைநாட்டின் கேள்வி. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாத அவ்விரவில் நிகழ்ந்தது, மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதன் முன் நம் கட்டுரைகள் மிகச் சிறியவை. ஆயினும் இரண்டிலும் தென்படுவது ஒரே பலவீனம்தான்.

எனவே பல்கலைக்கழகங்களுக்கும் நிதிநல்கைக் குழுக்களுக்கும் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். பதிவேற்றத்தோடு மின்னஞ்சல் வழியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கெடுவுக்குப் பின் ஒரு நாள் சலுகையை விதியாகவே எழுதுங்கள். தனித்தனியே கெஞ்சிப் பெறும் தயவாக வைக்காதீர்கள். வந்து சேர்ந்த ஒவ்வொரு அஞ்சலுக்கும் தானியங்கி ஒப்புகை அனுப்புங்கள். போயிற்றா இல்லையா என்று அறியாமல் இரவெல்லாம் மாணவர் விழித்திருக்க வேண்டாம்.

நண்பர்களே, நீங்கள் இன்று முதல் குறிக்கத் தொடங்குங்கள். ‘சிக்னல் இல்லை’ என்று சொன்னால் எவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். ‘இம்மாதம் இத்தனை நாட்கள், இந்நேரத்தில், இக்கண்ணியில் அறுந்தது’ என்று தேதியோடு எழுதிக் கொடுத்தால் சேவை நிறுவனமும் பல்கலைக்கழகமும் பதில் சொல்லியாக வேண்டும்.