இருட்டில் தேறியது வெயிலில் நிற்குமா?

பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம் 1000 மணி நேரச் சோதனையில் தேறிவிட்டதாம். இனி அதன் ஆயுளை ஆராய்வது வீண் செலவாம். சென்ற இதழ்க் கட்டுரையாளரின் தீர்ப்பு இது. சோதனை எப்படி நடக்கிறது என்று விசாரிக்காமலே எழுதியிருக்கிறார்.

85 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பெட்டியில் தகட்டை வைப்பார்கள். 1000 மணி நேரம் என்பது முழுதாக 42 நாள்கூட இல்லை. அந்தப் பெட்டிக்குள் வெளிச்சமும் கிடையாது. காலமெல்லாம் வெயிலில் உழைக்க வேண்டிய பொருளை இருட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, 25 ஆண்டு தாங்கும் என்று எப்படிச் சொல்கிறார்? தொடக்கத்திலேயே பழுதாகும் பேனல்களைக் கழிக்கத்தான் அந்தச் சோதனை. ஆயுளை அது சொல்லாது.

பெரோவ்ஸ்கைட் போன்ற மென்படலங்களின் வரலாற்றையாவது புரட்டியிருக்கலாம். படிக உருவற்ற சிலிக்கன், வெளிச்சம் படுவதாலேயே தரம் குன்றுவதை 1977இல் ஸ்டேப்லரும் ரான்ஸ்கியும் கண்டார்கள். இருட்டுப் பெட்டி அதைக் காட்டியிருக்குமா? பெரோவ்ஸ்கைட்டிலோ அயோடைடு அயனிகள் படலத்துக்குள்ளேயே இடம்பெயர்கின்றன. பகலில் இழந்த திறனில் ஒரு பங்கு இரவில் மீள்கிறது. சில கலங்கள் இடைவிடாத வெளிச்சத்தைவிடப் பகல்-இரவு மாற்றத்தில்தான் வேகமாகக் கெடுகின்றன. அதனால்தான் 2020இல் ஆய்வாளர்கள் கூடி வகுத்த சோதனை நெறிகளில் பகல்-இரவுச் சுழற்சியும் இடம்பெற்றது.

ஓர அடைப்பில் மயிரிழை விரிசல் கண்ட மாதிரி ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறேன். கன்னங்கரேலென்று இருந்த படலம் விரிசல் பக்கமிருந்து மஞ்சளாகிக்கொண்டே உள்ளே வந்திருந்தது. அந்த மஞ்சள், ஈய அயோடைடு. ஈரம் நுழைய அந்த இடைவெளி போதும்.

"மலிவுதானே, கெட்டால் மாற்றலாம்" என்கிறார். மலிவு படலம் மட்டும்தான். கண்ணாடி, வயரிங், கூரையேறி இறங்கும் கூலி எல்லாம் ஒவ்வொரு முறையும் புதுச் செலவு. கழற்றிப் போடும் தகட்டிலுள்ள ஈயத்தைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

"திறன் ஏறியதுபோல ஆயுளும் தானாக ஏறும்" என்பது அடுத்த வாதம். 2009இல் 3.8 விழுக்காடாக இருந்த திறன் இன்று 26ஐத் தாண்டியது தானாக அல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் உழைத்தார்கள். காட்மியம் டெல்லுரைடும் மென்படலம்தான். வெட்டவெளியில் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி அளந்து பார்த்ததால்தான் அதை நம்பி இன்று நீண்டகால உத்தரவாதம் தர முடிகிறது.

கடன் வாங்கிக் கூரையில் பேனல் போடும் குடும்பம், தவணை முடியும்வரை அது மின்சாரம் தரும் என்று நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் தேடும் வேலையைத்தான் அவர் நிறுத்தச் சொல்கிறார்.