எங்கள் கிணற்றை அளந்து சொல்! அளந்ததை எழுதிக் கொடு!



தண்ணீர் வரவில்லை என்றால் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்காருகிறோம். பஸ்ஸை மறிக்கிறோம். அதிகாரி வந்து பதில் சொல்லும்வரை எழுந்திருப்பதில்லை. அது நம் உரிமை. வந்த தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்பதும் அதே உரிமைதான். இந்தக் கேள்வியை கீழக்குயில்குடியிலிருந்து சுற்றுவட்டாரத்து எல்லா ஊருக்கும் எடுத்துச் செல்லத்தான் இதை எழுதுகிறோம்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, இதுல என்னய்யா கோளாறு?" என்று கேட்பார்கள். உப்புத் தண்ணீரை நாக்கு கண்டுபிடிக்கும். சாக்கடை கலந்தால் மூக்கு கண்டுபிடிக்கும். ஆனால் தண்ணீரில் கரைந்த ஆர்சனிக், ஈயம், காட்மியம், யுரேனியம் இதையெல்லாம் நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்காது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும்.

இது கதையல்ல, நம் நாட்டிலேயே நடந்த விஷயம். அதை வெளியே கொண்டுவந்த ஒரு விஞ்ஞானியைப் பற்றி ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊர் ஊராகப் போன விஞ்ஞானி

அவர் பெயர் தீபங்கர் சக்ரவர்த்தி. கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் ஆய்வுப் பள்ளியை நடத்தியவர். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்தவர். 1988இல் மேற்கு வங்கக் கிராமங்களுக்குள் இறங்கினார். 2018இல் மறையும்வரை முப்பது வருடம் இதே வேலைதான்.

அவர் போவதற்கு முன்பே, 1983இல், கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா ஒன்றைக் கவனித்தார். கிராமத்து ஜனங்கள் சிலருக்கு உடம்பில் மழைத்துளி விழுந்த மாதிரி கரும்புள்ளி. உள்ளங்கையிலும் பாதத்திலும் மரு மாதிரி தடிப்பு. தொழுநோய் என்று ஊரே ஒதுக்கி வைத்தது. அது தொழுநோய் அல்ல. குடித்த தண்ணீரில் ஆர்சனிக் இருந்தது. நாட்டு வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அந்த வகை நஞ்சு. ஒரே நாளில் கொல்லாது. பத்து, இருபது வருடம் உடம்பில் சேர்ந்து தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோயாக வெளியே வரும்.

யாரும் கிணற்றில் விஷம் கலக்கவில்லை. கங்கை பல்லாயிரம் வருடமாக அடித்துக்கொண்டு வந்த வண்டல் மண்ணில், இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடந்த ஆர்சனிக் அது. காற்றுப் படாத ஆழத்தில் அந்தத் துரு கரையும்போது ஆர்சனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. மேலே குளத்துத் தண்ணீர் குடித்தவரை பிரச்சினை இல்லை. குழாய்க் கிணறு போட்ட பிறகுதான் பூமிக்குள் கிடந்த நஞ்சு செம்புக்குள் வந்தது.

சக்ரவர்த்தியின் குழு ஒவ்வொரு அடிபம்பிலும் தண்ணீர் பிடித்தது. மக்களின் தலைமுடி, நகம், சிறுநீர் வரைக்கும் எடுத்துச் சோதித்தது. இருபது வருட ஆய்வு முடிவை 2009இல் வெளியிட்டார்கள். மேற்கு வங்கத்தில் மட்டும் 1,40,150 அடிபம்புத் தண்ணீர் மாதிரிகள்! அதில் கிட்டத்தட்ட பாதி, அதாவது நூற்றுக்கு 48, உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவைத் தாண்டியிருந்தது.

அந்த அளவு எவ்வளவு தெரியுமா? லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நம்ம கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரியில் ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அந்த அளவு கலந்தாலே எல்லையைத் தொட்டாச்சு. இதை எந்தக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது?

பீதியைக் கிளப்புகிறார் என்ற பேச்சு அவரைச் சுற்றி எழாமல் இல்லை. அவர் பம்பு பம்பாக அளப்பதை நிறுத்தவில்லை. 2002இல் பீகார் மாநிலம் போஜ்பூர் மாவட்டம் செம்ரியா ஓஜா பட்டியில் 206 குழாய்க் கிணறுகளைச் சோதித்தார்கள். பாதிக்கு மேல் 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. வங்காளத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்த நோய் கங்கைக் கரை நெடுகிலும் இருப்பது அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது.

கேட்டதற்குத்தான் பதில் வரும்

பக்கத்து வங்கதேசத்தின் கதை இன்னும் கொடுமை. 1970களில் அங்கே வாந்திபேதியில் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். குளத்துத் தண்ணீர் வேண்டாம், குழாய்க் கிணறு போடுங்கள் என்று அரசும் யுனிசெஃப் நிறுவனமும் லட்சக்கணக்கில் போட்டன. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

1992இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் அங்கே கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தது. பல பொருட்களுக்குச் சோதனை நடந்தது. ஆர்சனிக்குக்கு நடக்கவில்லை. அடுத்த வருடமே, 1993இல், நவாப்கஞ்ச் பகுதிக் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது உறுதியானது. பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் லண்டனில் வழக்குப் போட்டார். 2006இல் பிரபுக்கள் சபை நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அந்த ஆய்வு நிறுவனத்துக்கு அந்த மக்களிடம் அப்படியொரு சட்டக் கடமை இல்லையாம்!

இதில் நமக்கு என்ன பாடம்? "தண்ணியை டெஸ்ட் பண்ணியாச்சு" என்று சொன்னால் மட்டும் போதாது. எதற்கு டெஸ்ட் பண்ணினீர்கள் என்று கேட்க வேண்டும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஊர் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து சோதனைக் கிட் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு இதெல்லாம் அதில் தெரியும். ஈயமும் காட்மியமும் குரோமியமும் யுரேனியமும் அதில் தெரியாது. அதற்குப் பெரிய சோதனைக்கூடமும் கருவியும் வேண்டும். கிட் சோதனையைக் காட்டி எல்லாம் சரி என்று கணக்கை முடிக்கக் கூடாது.

நம்ம பக்கத்துக் கதை

"அது கங்கை வண்டல், நம்ம ஊர் கல்லுப் பாறை, இங்க எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சமணர் மலையைப் பாருங்கள். அந்த மாதிரிப் பாறைதான் நம் காலுக்குக் கீழேயும் ஓடுகிறது. அதன் வெடிப்பில் நிற்கும் தண்ணீரைத்தான் போர் போட்டு உறிஞ்சுகிறோம். கருங்கல்லில் இயற்கையாகவே யுரேனியம் கொஞ்சம் உண்டு. அது தண்ணீரில் அதிகமானால் சிறுநீரகத்தைத் தாக்கும். அதற்கு உலக சுகாதார நிறுவனம் 2011இல் வைத்த அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். வண்டலுக்கு ஒரு நஞ்சு, பாறைக்கு ஒரு நஞ்சு. எங்கே எது என்பதை அளந்தால்தான் தெரியும்.

மனுசன் செய்கிற நஞ்சு வேறு இருக்கிறது. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அங்கேயே மலையாகக் கிடந்தது. ஆலை லாபம் மூட்டை கட்டிப் போனது, கழிவு நிலத்தடியில் இறங்கியது.

திண்டுக்கல் நமக்கு எட்டுகிற தூரம். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமத்துக் கிணறுகளை ஒரு தொண்டு அமைப்பு எண்ணிப் பார்த்தது. 467 கிணறுகளில் 350 தோல் பதனிடும் கழிவால் கெட்டிருந்தன. அந்தக் கணக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பது நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அதில் உறுதியாகச் சொல்லப்பட்டது.

கவனியுங்கள்! கிணறு கிணறாக எண்ணி எழுதிய நோட்டுதான் கோர்ட்டில் பேசியது. எண்ணிக்கை கையில் இல்லாதவன் புலம்பலை எந்த ஆபீசிலும் கேட்கமாட்டார்கள்.

மிஷின் வைத்தால் முடிந்ததா?

தண்ணீர் கெட்டது என்று தெரிந்ததும் முதலில் ஓடி வருபவன் கான்ட்ராக்டர். மேற்கு வங்கத்தில் ஆர்சனிக்கை வடிகட்டும் இயந்திரங்களை ஊர் ஊராக வைத்தார்கள். சக்ரவர்த்தியின் குழு அதையும் விடவில்லை. சோதித்துப் பார்த்து, அவை நம்பத் தகுந்தவை இல்லை என்று 2005இல் எழுதியது. பராமரிக்க ஆளில்லாமல் நின்றுபோனவை அதில் நிறைய. அவர் கடைசிவரை சொன்னது வேறு. மழை நீரையும் குளத்து நீரையும் காப்பாற்றுங்கள், சுத்திகரித்துக் குடியுங்கள், அதை மக்களைச் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள் என்றார்.

இதைத்தானே நம் பாட்டன் பூட்டன் ஊருணி வெட்டிச் செய்து வைத்தான்! கண்மாயில் சாக்கடையை விட்டு, வரத்துக்காலைப் பிளாட் போட்டு விற்றுவிட்டு, ஆயிரம் அடிக்குப் போர் போடு, ஆர்.ஓ. மிஷின் வை என்பது எந்த ஊர் நியாயம்? கண்மாய் நம் வயலுக்கு மட்டுமல்ல, நம் உடம்புக்கும் காவல்.

நம் ஊர்க் கிணறெல்லாம் விஷம் என்று நாம் சொல்லவில்லை. யாரையும் பயமுறுத்துவது நம் நோக்கமல்ல. அளந்து சொல் என்கிறோம். நல்ல தண்ணீர் என்றால் நிம்மதியாகக் குடிப்போம். கெட்டது என்றால் மாற்று வழி கேட்போம். இரண்டுக்கும் அளவு கையில் வேண்டும்.

நமது கோரிக்கைகள்

1. குடிக்கப் பயன்படும் ஒவ்வொரு கிணற்றையும், போரையும், நாம் குடிக்கிற தோட்டத்துப் பம்புசெட்டையும் ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும். ஆர்சனிக், ஈயம், காட்மியம், குரோமியம், யுரேனியம் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

2. முடிவைத் தமிழில் எழுதிக் கிணற்றுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டிச் சுவரிலும் எழுத வேண்டும். வங்கதேசத்தில் நல்ல பம்புக்குப் பச்சை, கெட்ட பம்புக்குச் சிவப்பு அடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவுக்கும் புரிந்தது.

3. கெட்டது என்று தெரிந்தால் மாற்றுக் குடிநீர் கொடுத்துவிட்டுத்தான் பம்பை மூட வேண்டும்.

4. ஊருணி, கண்மாய், வரத்துக்கால் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். கழிவு விடுவதைத் தடுக்க வேண்டும்.

5. கெடுத்தவர்கள் யாராக இருந்தாலும் ஈடு கட்ட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஊருக்கு ஒரு நோட்டுப் போடுவோம். எந்தக் கிணறு, எத்தனை அடி, எந்த வருடம் வெட்டியது, எத்தனை குடும்பம் குடிக்கிறது, பக்கத்தில் பட்டறையோ குப்பைக் கிடங்கோ இருக்கிறதா என்று எழுதுவோம். படித்த பிள்ளைகள் இதை முன்னின்று செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022 முதல் வருடத்துக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்றைக்கு இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக ஏற்றுவோம். வாயால் சொன்னால் போதாது, தீர்மான நோட்டில் ஏற வேண்டும். குடிநீர் வடிகால் வாரியம் நம் ஊரில் என்னென்ன சோதித்தது என்று 2005ஆம் வருடத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுவோம். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு விஞ்ஞானி முப்பது வருடம் அடிபம்பு அடிபம்பாக அலைந்து உண்மையை வெளியே கொண்டுவந்தார். நம் கிணறு நம் வாசலில்தான் இருக்கிறது. நாம் கேட்காமல் யார் கேட்பது?

அளந்து சொல்! மறைக்காமல் சொல்!
கண்மாய் காப்போம்! கிணறு காப்போம்!
ஒன்று திரள்வோம்! உரிமை பெறுவோம்!

– ஆசிரியர் குழு