தேயிலை கற்றுத்தந்த பாடம்



திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காடு வரும். அகஸ்தியர்கூட மலைக்கு நடந்து ஏறுகிறவர்கள் அங்கிருந்துதான் புறப்படுவார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் ஓய்ந்து பல ஆண்டுகளாகின்றன. பழைய லயங்களில் இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் பிழைப்புக்காகப் பட்டணங்களுக்கு வந்துவிட்டார்கள். இப்பத்திரிகையை வாசிக்கிற சிலருக்கு அதுவே பிறந்த ஊராகவும் இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் சபையிலுள்ள ஒரு சகோதரியின் தாயாரைக் காணும்படி அங்கே சென்றிருந்தேன். லயத்துப் படிகளை ஏறுவதற்குள் அந்த அம்மாள் மூன்று முறை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருந்தது. மருத்துவமனையில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தன. “ஐயா, அதைப் போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது” என்றார். போட்ட சில நாட்களிலும் கட்டன் சாயாவோடுதான் விழுங்கியிருக்கிறார். இரத்தசோகையின் ஆபத்தைக் குறித்து அரைமணி நேரம் புத்தி சொன்னேன். பொறுமையாகக் கேட்டு முடித்து, எனக்கு ஒரு டம்ளர் தேநீர் கொண்டுவந்து வைத்தார்!

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தத் தேநீரே என் நினைவில் நின்றது. நூறாண்டுகளுக்கு முன் நம் பாட்டன்மாரில் பெரும்பாலோர் தேநீர் அருந்தியதில்லை. தேயிலை ஏற்றுமதிக்கென்றே பயிரானது. 1903-இல் தேயிலை ஏற்றுமதியின்மேல் ஒரு தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு தேநீரைப் பரப்பத் தொடங்கினார்கள். 1930-களில் உலகச் சந்தை சரிந்தபோது அந்த முயற்சி இன்னும் தீவிரமாயிற்று. பிரசங்கம் செய்து அவர்கள் பரப்பவில்லை. வீடுவீடாகச் சென்று போட்டுக் காட்டினார்கள். இலவசமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். ஏழையும் வாங்கும்படி காசுப் பொட்டலம் செய்தார்கள். ஆலைகளில் வேலையின் நடுவே தேநீர் வேளையை ஏற்படுத்தினார்கள். தேநீர் தயாரிக்கும் முறையை இரயில் நிலையப் பலகைகளில் அந்தந்த மொழியில் எழுதி வைத்தார்கள். காந்தியடிகள் தேநீரை எதிர்த்து எழுதியும் மக்கள் கேட்கவில்லை. விளம்பரம் என்றாலே உலகக் காரியம் என்று முகம் சுளித்தவன் நான். ஆனால் ஒரு தேசத்தின் நாவை மாற்றினவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் அது 53.4, கேரளத்தில் 36.3. மாத்திரை தட்டுப்பட்டதாலோ அறிவுரை குறைந்ததாலோ மட்டும் வந்த நிலையல்ல இது. உண்கிறவர்களின் பழக்கத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக உப்பைப் பாருங்கள். அயோடினோடு இரும்பும் சேர்த்த உப்பைத் தமிழ்நாடு உப்புக் கழகம் தயாரித்து, சத்துணவுக் கூடங்களுக்குக் கொடுத்துவந்தது. இவ்விரண்டும் சேர்ந்தால் அயோடின் வீணாகிவிடும் என்பதால், இரும்புக்கு மெல்லிய உறையிட்டுக் கலக்கிறார்கள். 2014-இல் ‘அம்மா உப்பு’ என்ற பெயரில் கிலோ 21 ரூபாய்க்கு அது கடைக்கும் வந்தது. டார்ஜிலிங் பகுதியில் தேயிலை பறிக்கும் பெண்களுக்கு ஏழெட்டு மாதங்கள் இவ்வுப்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2014-இல் வெளியாயிற்று. அவர்களுடைய உடலில் இரும்பின் இருப்பு உயர்ந்ததாக அதில் கண்டார்கள். பழகின உப்பின் இடத்தில் வேறோர் உப்பு. சமைக்கும் முறையில் மாற்றமில்லை. ஆயினும் உத்தரப்பிரதேசத்தில் நியாயவிலைக் கடைகளின் வழியாகக் கொடுத்தபோது, குழம்பு கறுக்கிறது என்ற குறை எழுந்தது. அடுப்பங்கரையில் நிற்கிறவளுக்குக் குழம்பின் நிறம் சிறிய காரியமல்ல. இதை முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பதும், சமைத்துக் காட்டுவதும் திட்டத்தின் பாதி வேலை என்றே நினைக்கிறேன்.

தானியேல் புஸ்தகத்தின் முதலாம் அதிகாரத்தை இக்கண்ணோடு வாசித்துப் பாருங்கள். பருப்பையும் தண்ணீரையும் கேட்ட தானியேல், விசாரிப்புக்காரனோடு தர்க்கம் செய்யவில்லை. பத்துநாள் சோதித்துப் பாரும், பிறகு எங்கள் முகத்தைப் பாரும் என்றே கேட்டான். அந்த விசாரிப்புக்காரன் ஒத்துக்கொள்ளத்தக்க அளவுக்கு அவன் வேண்டுகோள் சிறியதாயிருந்தது.

எங்கள் சபையிலும் சிறியதொன்றைச் செய்தோம். ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஐக்கிய விருந்து உண்டு. இலை எடுத்தவுடன் தேநீர் வரும். சாப்பாட்டோடு தேநீர் அருந்தினால், கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பு உடலில் சேருவது பாதிக்கும் மேல் குறையக்கூடும். ஒரு மணி நேரம் கழித்து அருந்தினால் அந்தக் கேடு பெரிதும் குறைகிறது. ஆகவே தேநீர் அண்டாவை வாலிபர் கூட்டம் முடியும் வேளைக்குத் தள்ளிவைத்தோம். பந்தியில் எலுமிச்சைச் சாறு வைத்தோம். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும். அறிவிப்பு ஒன்றும் செய்யவில்லை. இரண்டு மூப்பர்கள் முறுமுறுத்தார்கள். மூன்றாம் வாரம் அதுவும் நின்றது. முருங்கைக்கீரைப் பொரியலை ‘சத்தான உணவு’ என்று சொல்லிப் பரிமாறிய வாரம் மீந்தது. தேங்காயும் வறுத்த வேர்க்கடலையும் தூவி, ஒன்றும் சொல்லாமல் வைத்த வாரம் பாத்திரம் காலி.

சோகைக்குக் காரணம் பலவாகலாம். கொக்கிப்புழுவாகவோ உதிரப்போக்காகவோ இருக்கலாம். ஆகையால் இரத்தப் பரிசோதனையையும் வைத்தியர் சொல்லும் மாத்திரையையும் தள்ளிவிடாதிருங்கள்.

போனக்காட்டுத் தாயார் இப்போது மகளோடு பட்டணத்தில் இருக்கிறார். மகள் அந்த மாத்திரை டப்பாவைத் தேயிலை டப்பாவின் அருகிலிருந்து எடுத்து, தாயாருடைய வேதபுஸ்தகத்தின் பக்கத்தில் வைத்துவிட்டாள். அவர் இராஜெபம் முடித்து, ஒரு துண்டு நெல்லிக்காயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கிறார். சென்ற மாதம் மாடியிலுள்ள எங்கள் ஜெபவீட்டிற்கு நிற்காமல் ஏறி வந்து, “ஐயா, தேநீர் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.