காமிராவுக்கு நிதி கேட்கிறார்கள்

வடமாலபேட்டையிலும் பக்கத்து ஊர்களிலும் குடியிருக்கும் நம்மவர்கள் பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, போட்ட பூட்டு அப்படியே தொங்குகிறதா என்று தெருமுனையிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். திருட்டு பயம் மெய்யானது. ஒரு சீட்டுப் பணத்தில் வாங்கிய கம்மலும், மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த நாலு பாத்திரமும் போனால் மறுபடி சேர்க்க எத்தனை வருஷம் ஆகும் என்பது உழைத்துச் சாப்பிடுகிறவனுக்குத் தெரியும்.

இந்தப் பயத்துக்கு மருந்தாக ஒரு யோசனை இப்போது கடைத்தெருவில் அடிபடுகிறது. வீட்டுக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று வசூலித்துத் தெருமுனைகளில் காமிரா வைப்பது. கூடவே வண்டியில் பொருத்திய நடமாடும் காமிரா ஒன்று வாங்கி இரவில் தெருத்தெருவாகச் சுற்ற விடுவது. நம் சங்கத்தின் ஈமச்சடங்கு நிதியிலிருந்து ஒரு பகுதியைத் தரலாமே என்று நம் உறுப்பினர்களில் சிலரே கேட்கிறார்கள். வருகிற பொதுக்குழுவில் இது பேச்சுக்கு வரும். அதற்கு முன் என் கருத்தை எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

காமிராவே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. டிக்கெட் கவுண்ட்டரில் உட்காருகிறவனுக்குத் தலைக்கு மேலே காமிரா இருப்பதன் அருமை தெரியும். ஐந்நூறு ரூபாய் நோட்டு கொடுத்தேன் என்பார் பயணி. இருநூறுதான் வந்தது என்பான் குமாஸ்தா. வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பயணி பக்கம்தான் பேசுவார்கள், ரயில் வேறு வந்துகொண்டிருக்கும். பதிவைப் போட்டுப் பார்த்தால் விவகாரம் அங்கேயே தீர்ந்துவிடும். ஏன் தீர்கிறது? அதைப் பார்க்கச் சொல்லி அவரும் கேட்கலாம், நானும் கேட்கலாம். ஒரு தரப்பு மட்டும் பார்க்கவும் ஒரு தரப்பு மட்டும் அழிக்கவும் முடிகிற காமிராவுக்குச் சாட்சி என்று பெயர் சொல்ல முடியாது. அது அந்தத் தரப்பின் கையாள்.

முதலில் காமிரா வைத்தால் திருட்டு குறையுமா என்று பார்ப்போம். இந்தச் சோதனையை நமக்கு முன்னால் பெரிய செலவில் செய்து பார்த்த நாடு பிரிட்டன். 1990களின் பிற்பகுதியில் அந்நாட்டு உள்துறை, குற்றத் தடுப்புக்கென ஒதுக்கிய பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் தெருக் காமிராவிலேயே போட்டது. 2005இல் அதே உள்துறைக்காக நடந்த ஆய்வு, பரிசீலித்த திட்டங்களில் பெரும்பாலானவற்றில் குற்றம் குறைந்ததாகக் காணோம் என்று எழுதியது. உலகெங்கும் நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான அறிக்கை கொஞ்சம் தாராளமாகவே பேசுகிறது: காமிரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆனால் அதில் பெரும் பலன் கார் நிறுத்துமிடங்களில். அடிதடி, வெட்டுக்குத்து போன்றவற்றில் சொல்லிக்கொள்ளும்படி குறைவில்லை. கார் நிறுத்துமிடம் வைத்திருக்கிற சங்க உறுப்பினர் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம்!

இதே முறையில் தெருவிளக்கைப் பற்றியும் கணக்குப் பார்த்தார்கள். 2008இல் வந்த தொகுப்பாய்வின்படி, விளக்கைச் சீர்ப்படுத்திய இடங்களில் குற்றம் 21 சதவீதம் குறைந்தது. அது அயல்நாட்டுக் கணக்கு, அப்படியே இங்கே பொருந்தாது என்று வாதிடலாம், சரி. ஆனால் இருட்டுச் சந்தில் காமிரா வைத்தாலும் திருடனுடைய முகம் தெரியாது, விளக்கு இருந்தால் காமிரா இல்லாமலே பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தெரியும் என்பதற்கு ஆய்வு எதற்கு?

நடமாடும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இரவில் கூர்க்கா விசில் ஊதிக்கொண்டு போவார். நமக்கு அது தைரியம். திருடனுக்கும் அது தகவல்தான், கூர்க்கா எந்தத் தெருவில் இருக்கிறார் என்று அவனுக்கும் தெரிந்துவிடும். சுற்றுகிற காமிரா வண்டிக்கும் அந்தக் கதிதான். போதாததற்கு டீசல், டிரைவர், பதிவை உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் என்று மாதா மாதம் செலவு நிற்காது. காமிரா வாங்குகிற பணம் முன்பணம் மாதிரி. கம்பி அறுந்தால் யார் கட்டுவது, கரண்ட் பில் யார் பெயரில் வருவது, குரங்கு காமிராவை வானத்துக்குத் திருப்பிவிட்டுப் போனால் ஏணி எடுத்துக்கொண்டு யார் ஏறுவது என்பதையும் வசூல் புத்தகம் அச்சடிக்கும் முன் சொல்ல வேண்டும். நம் வட்டாரத்துக் குரங்குகளை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2016 ஜூன் 24 காலையில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில், வேலைக்குப் போக வண்டிக்காகக் காத்திருந்த இளம்பெண்ணை வெட்டிக் கொன்றார்கள். நிலையத்தில் காமிரா இல்லை. பக்கத்துத் தெருவில் தனியார் வைத்திருந்த காமிராப் பதிவைத்தான் போலீசார் தேட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு, ஏ.கே.விசுவநாதன் கமிஷனராக இருந்த காலத்தில், சென்னையில் ‘மூன்றாவது கண்’ என்று திட்டம் வந்தது. வியாபாரிகளும் குடியிருப்போர் சங்கங்களும் பணம் போட்டுத் தெருவெங்கும் காமிரா வைத்தார்கள். சங்கிலிப் பறிப்பு குறைந்தது என்று போலீசார் சொன்னார்கள், திருடியவர்களைப் பிடிக்கவும் அது உதவியது. மறுக்கவில்லை. நடந்த குற்றத்தைத் துப்புத் துலக்கக் காமிரா உதவும்.

ஆனால் எந்தக் குற்றத்தை, யார் செய்த குற்றத்தை? இங்கேதான் நாம், ஆந்திரத்தில் வாழ்கிற தமிழர்கள், நின்று யோசிக்க வேண்டும்.

2022 அக்டோபரில் நம் வடமாலபேட்டைச் சுங்கச் சாவடியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. திருப்பதியில் சட்டத் தேர்வு எழுதிவிட்டுத் திரும்பிய தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் சாவடி ஊழியர்களுக்கும் பாஸ்டேக் தகராறில் தொடங்கிய வாய்ச்சண்டை கைகலப்பாகி, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளைத் தேடித் தாக்கினார்கள் என்கிற அளவுக்குப் போனது. மாணவர்கள்தான் தொடங்கினார்கள் என்று இங்கே சொன்னார்கள். இல்லவே இல்லை என்று அங்கே சொன்னார்கள். சுங்கச் சாவடி என்பது தடத்துக்குத் தடம் காமிரா இருக்கிற இடம். அத்தனை காமிராவும் அந்தச் சண்டையைத் தடுக்கவில்லை. ஜனங்கள் பார்த்ததெல்லாம் அவரவர் செல்போனில் வந்த துண்டுத் துண்டுப் படங்கள். அவனவன் தனக்கு வேண்டிய துண்டைப் பார்த்து வேண்டிய முடிவுக்கு வந்தான். ஒரு வாரத்துக்கு நம் பிள்ளைகள் பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேசவே யோசித்தார்கள்.

அதற்கும் முன்னால், 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி, தமிழ்நாட்டிலிருந்து வந்த 20 கூலித் தொழிலாளர்களை ஆந்திர அதிரடிப் படை சுட்டுக் கொன்றது. அவர்கள் கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது படை. பஸ்ஸில் வந்தவர்களை வழியிலேயே இறக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று, தப்பிப் பிழைத்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். இரண்டில் எது உண்மை என்பதை, அந்தச் சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு காமிராவின் பதிவைப் பத்திரமாக எடுத்து வைத்து, இறந்தவரின் மனைவிக்கும் அதைக் கேட்கும் உரிமை இருந்திருந்தால், ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம்.

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தமிழ்நாட்டுப் போலீஸ், தமிழன் தமிழனை அடித்தது. ஆகவே இதில் தெலுங்கு, தமிழ் என்ற பேச்சுக்கு இடமில்லை. 2020 ஜூனில் தந்தையும் மகனும் ஸ்டேஷனில் அடிபட்டு மாண்டார்கள். ஸ்டேஷனில் காமிரா இருந்தது. பதிவைச் சேமிக்கத் தாராளமாக இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி அதைத் திருப்பி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். தெருவில் நடப்பதை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்கிற காமிரா, ஸ்டேஷனுக்குள் நடப்பதை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக மறந்துவிடுகிறது! அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், நாட்டின் எல்லாப் போலீஸ் ஸ்டேஷன்களிலும் வாசல், லாக்கப், வராந்தா உட்படக் காமிரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதை நிறைவேற்றுவதற்காக எந்தக் கடைத்தெருவிலும் யாரும் வசூல் புத்தகம் கொண்டுவந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நம் லைன் வீடுகளை நினைத்துப் பாருங்கள். எட்டு வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு தட்டி மறைப்பு. விடிவதற்கு முன் பெண்கள் குளித்து முடிக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெக்கையில் பாதிக் குடும்பம் வாசலில் பாய் போட்டுப் படுத்திருக்கும். அந்தத் தெருவில் இரவு இரண்டு மணிக்குக் காமிரா வண்டி போனால் அது எதைப் படம் பிடிக்கும், அந்தப் படம் யார் செல்போனில் போய் உட்காரும்? யோசனை சொன்னவர்கள் எல்லாரும் ஆண்கள். பொதுக்குழுவில் இதைப் பற்றி முதலில் பெண் உறுப்பினர்கள் பேசட்டும் என்று நான் கேட்டுக்கொள்வேன்.

பணத்துக்கு வருகிறேன். கூட்டம் கூடுகிற நிறுவனங்கள் தங்கள் சொந்தச் செலவில் காமிரா வைத்து, 30 நாள் பதிவைச் சேமிக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டிலேயே ஆந்திரத்தில் பொதுப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். பெரிய கடை, கல்யாண மண்டபம், சினிமாக் கொட்டகை எல்லாம் சட்டப்படி தங்கள் பையிலிருந்து செய்ய வேண்டிய வேலை அது. ரயில் நிலையங்களில் காமிரா வைக்க நிர்பயா நிதியிலிருந்து பணம் ஒதுக்கினார்கள், எந்தப் பயணியிடமும் உண்டியல் நீட்டவில்லை. அப்படியிருக்க, செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் நாள்கூலி வாங்குகிறவன் மட்டும் ஏன் தனியாக இன்னொரு வரி கட்ட வேண்டும்? அவன் வாங்குகிற சோப்பிலிருந்து செல்போன் ரீசார்ஜ் வரை ஏற்கெனவே வரி கட்டித்தான் வாங்குகிறான். ஈமச்சடங்கு நிதி என்பது, ஊரை விட்டு வந்த இடத்தில் ஒருவன் கண்ணை மூடினால் உடலை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க நாம் சேர்த்த பணம். அதைத் தொடக்கூடாது என்பது என் திட்டவட்டமான கருத்து.

அப்படியானால் பூட்டிய வீட்டுக்கு என்ன வழி? வழி இருக்கிறது, அதுவும் ஆந்திரப் போலீசாரே கொண்டுவந்தது. பூட்டிய வீட்டைக் கண்காணிக்கும் ஏற்பாடு ஒன்று, எல்.எச்.எம்.எஸ். என்று சொல்வார்கள். ஊருக்குப் போகிறவர் முன்கூட்டித் தகவல் கொடுத்தால், போலீசார் வந்து வீட்டுக்குள் சிறு காமிரா ஒன்றைப் பொருத்திவிட்டுப் போவார்கள். உள்ளே அசைவு தெரிந்தால் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போகும், ஆள் புறப்பட்டு வரும். வீட்டுக்காரர் திரும்பியதும் காமிராவைக் கழற்றிக்கொண்டு போவார்கள். கட்டணம் கிடையாது. நடமாடும் காமிரா என்றால் எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. கேட்டவன் வீட்டுக்கு வருகிறது, வேலை முடிந்ததும் போய்விடுகிறது, அடுத்தவன் வாசலைப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு குறை. இது செல்போன் செயலி வழியாகக் கேட்க வேண்டிய ஏற்பாடு. சாதா செல்போனும், வாடகைச் சீட்டுக்கூட இல்லாத குடிசையும் வைத்திருக்கிற நம் ஆளுக்கு அது எட்டாது. சூரக்காயும் பரங்கிக்காயும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் புத்தூர்ச் சந்தைக்குப் போகிற அம்மாள் எந்தச் செயலியில் போய்ப் பதிவது? கிராமச் செயலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துப் பெயர் எழுதிக்கொள்ளட்டும். விண்ணப்பம் தெலுங்கோடு தமிழிலும் இருக்கட்டும். வாடகைக்கு இருக்கிறவன், ஊர் பேர் தெரியாதவன் என்று தள்ளாமல், பண்டிகைக்கு முன் லைன் வீடுகளுக்கென்று தனியாகச் சில காமிராக்கள் ஒதுக்கட்டும். சந்துகளில் எரியாத விளக்குகளைப் பஞ்சாயத்து எரிய வைக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கடைத்தெருக்காரர்கள் தங்கள் பணத்தில் தெருக் காமிரா வைப்பதானால் வைக்கட்டும், நாம் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. ஆனால் எங்கெங்கே வைத்திருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் கையில் இருக்கும் என்பதைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். குற்றம் சாட்டுகிறவன் எழுதிக் கேட்டால் கிடைக்கிற பதிவு, குற்றம் சாட்டப்பட்டவன் எழுதிக் கேட்டாலும் கிடைக்க வேண்டும். குழாயடியும் வீட்டு வாசலும் படத்தில் விழக்கூடாது. இதற்கு ஒப்புக்கொள்ளாமல் காசு மட்டும் கேட்டால், காசு இல்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவோம்.

இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். 2022 ஏப்ரலிலிருந்து நாம் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டோம்; ஆகவே பழைய வழக்கப்படி சித்தூருக்கு அனுப்பாமல் திருப்பதி கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் தர வேண்டும். தமிழ் நகல் தயார். தெலுங்கு நகலை நல்ல கையெழுத்தில் எழுதித் தர ஒருவர் வேண்டும். பூடி, தடுக்குப்பேட்டைப் பக்கத்து உறுப்பினர்கள் பொதுக்குழுவுக்கு வரும்போது அவரவர் தெருவில் எரியாத விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தால், மனுவோடு அந்தப் பட்டியலையும் சேர்த்துவிடலாம்.