ரெண்டு ஸ்கூட்டர், ஒரு ஏற்றம்

வீட்டில் ஒரு வாரமாக ஒரே பஞ்சாயத்து. பழைய பெட்ரோல் வண்டியைக் கொடுத்துவிட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்குவதென்று முடிவாகிவிட்டது. கடன் போட்டு வாங்குவதால் ஒன்றுதான் முடியும். ஓட்டப் போவது ரெண்டு பேர். சித்தப்பா விடியுமுன்னே பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர். கூட வேலை பார்க்கும் ஒருவரும் பின்னால் ஏறிக்கொள்வார். மத்தியானத்துக்கு மேல் வண்டி எனக்கு. நாகர்கோவிலில் டேலி கிளாஸ்.

கடைசியில் நின்றது ரெண்டு வண்டி. ஒன்று டிவிஎஸ் ஐக்யூப் (2020-ல் வந்தது). இன்னொன்று ஏத்தர் ரிஸ்டா (2024-ல் வந்தது). ரெண்டுமே ஓசூரில் தயாராகிறவை. ரெண்டுமே குடும்ப வண்டி. ரெண்டிலும் 3 யூனிட்டை ஒட்டிய பேட்டரி மாடல் உண்டு. மோட்டாரின் உச்ச சக்தி ஒன்றில் 4.4 கிலோவாட், இன்னொன்றில் 4.3. அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது?

"டார்க்கைப் பாருலே, இதுல 140, அதுல வெறும் 22. மலைக்கு எது இழுக்கும்னு இதுலயே தெரியலையா?" என்றான் ஒரு நண்பன்.

நானும் முதலில் நம்பினேன். அப்புறம்தான் புரிந்தது. ஐக்யூபில் மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த 140 சக்கரத்தில் கிடைக்கும் கணக்கு. ரிஸ்டாவில் மோட்டார் தனியாக இருந்து, பெல்ட் வழியாகச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்த 22 மோட்டாரில் எடுத்த கணக்கு. சக்கரத்துக்கு வரும்போது அது பல மடங்காகிவிடும். காமர்ஸ்காரன் பாஷையில் சொன்னால், ஒரு கடையின் மொத்த லாபத்தையும் இன்னொரு கடையின் நிகர லாபத்தையும் பக்கத்தில் வைத்து "எது நல்ல கடை?" என்று கேட்கிற மாதிரி.

அடுத்த பயம் பேட்டரி. மலை ஏறினால் சார்ஜ் எல்லாம் போய்விடுமா? வண்டியும் ரெண்டு ஆளும் சேர்ந்து 240 கிலோ என்று வையுங்கள். 300 மீட்டர் உயரம் ஏற்ற 0.2 யூனிட் போதும். வழியில் வீணாவதைச் சேர்த்தால் கால் யூனிட். அவ்வளவுதான்! இறங்கும்போது கொஞ்சம் திரும்பியும் கிடைக்கும். (மேலேயே முழு சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால் கிடைக்காது. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியுமா?)

மலையில் உண்மையான பிரச்சினை சூடு. 4.3, 4.4 எல்லாம் கொஞ்ச நேரத்துக்குக் கிடைக்கிற உச்ச சக்தி. தொடர்ந்து ஏறும்போது மோட்டார் சூடாகும். சூடு எல்லை மீறினால் வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது, சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும். அந்த நிலையில் அதிக கரண்ட் இழுத்து அதிகம் சூடாகும். தனியாக இருக்கும் மோட்டார் அதே வேகத்தில் பல மடங்கு வேகமாகச் சுற்றுவதால் கஷ்டம் குறைவு. பதிலுக்கு பெல்ட் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கவனிக்கணும், ஒருநாள் மாற்றணும். சக்கரத்து மோட்டாரில் அந்தத் தொல்லையே இல்லை.

இனி என் கதை. ஆரல்வாய்மொழி - நாகர்கோவில் ரோட்டில் மலை ஏற்றம் கிடையாது. ஆனால் எங்கள் ஊருக்கு ஆடிக் காற்று இருக்கிறதே! முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்றுதான் கணவாய் வழியாக நம் முகத்தில் அடிக்கிறது. 40 வேகத்தில் போகும்போது எதிரே 40 வேகத்தில் காற்று வந்தால், காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. 100 அடிக்கு 5 அடி உயரும் ஏற்றத்தில் போவதற்குச் சமம். ஆனாலும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் அந்த ஏற்றமும் குறைந்துவிடும். உண்மையான மலையில் அந்தச் சலுகை இல்லை. மெதுவாகப் போனாலும் உயரம் உயரம்தான்.

ஆக, எனக்கு மட்டும் என்றால் ஐக்யூப் போதும். பராமரிப்பு குறைவு, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் தினமும் ஆள் ஏற்றிக்கொண்டு மேலே ஏறுவது சித்தப்பா. இருட்டில், பாதி ஏற்றத்தில் வண்டி தளர்ந்தால் அன்றைய கூலி போச்சு. எனக்குத் தளர்ந்தால் ஒரு கிளாஸ் போகும். ரெண்டு பேர் ஓட்டும் வண்டியை, அதிகம் கஷ்டப்படுகிறவரின் ரோட்டுக்குத்தான் வாங்கணும் என்பது என் கட்சி. என் ஓட்டு ரிஸ்டாவுக்கு.

ஆனால் நான் சொன்னதற்காக யாரும் பணம் கட்டிவிடாதீர்கள். ஷோரூம் வாசலில் சமதளத்தில் தனியாக ஒரு ரவுண்டு அடித்தால் எல்லா வண்டியும் பறக்கும். பின்னால் ஒருவரை ஏற்றி, நீங்கள் தினமும் போகிற ஏற்றத்துக்கே கொண்டு போங்கள். பாதியில் நிறுத்தி மறுபடி எடுங்கள். பத்து நிமிடம் விடாமல் ஏறிய பிறகும் இழுவை குறைகிறதா என்று பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

சித்தப்பாவிடம் இந்தக் கணக்கெல்லாம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மக்களே, ஞாயித்துக்கெழம கீரிப்பாறைக்கு ஓட்டிப் பாத்துருவோம். பொறத்தால நீ இரி" என்றார்.

பி.கு.: என் எடை பற்றி யாரும் கமெண்ட் போட வேண்டாம் :-)