தொழிலிலிருந்து பிறவாத பரீட்சை

ஒரு மனிதனின் சம்பளத்தையும் பதவியையும் நிர்ணயிக்கும் பரீட்சை எதுவாயினும், அதனை நோக்கி முதற்கண் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு. அவன் செய்யும் தொழிலிலிருந்து அப்பரீட்சை பிறந்ததா, அன்றேல் பரீட்சகரின் மனப்போக்கிலிருந்து பிறந்ததா என்பதே அது. இவ்வினாவுக்கு ஒழுங்கான விடை தேட முற்பட்டோருள் முன்னின்றது ஐக்கிய அமெரிக்காவின் விமானப் படையாகும். கட்டளையும் கீழ்ப்படிவுமே ஆட்சி செய்யும் ஓரிடத்தில் இத்தேடல் நிகழ்ந்தமை நமது கவனத்துக்கு உரியது.

ஒரு காலத்தில் அப்படையின் கீழ்நிலை வீரர்களுக்கான பதவியுயர்வை மேலதிகாரிகளின் சபைகளே தீர்மானித்தன. ஒருவன் ஏன் உயர்த்தப்பட்டான், மற்றவன் ஏன் விடப்பட்டான் என்பதற்குக் காரணம் கூறுவாரில்லை. வீரர்களின் முறைப்பாடுகள் காங்கிரஸ் சபை வரை சென்றன. இதன் விளைவாக 1970 இல் புள்ளியடிப்படையிலான பதவியுயர்வுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சேவைக்காலம், பதவிக்காலம், பெற்ற விருதுகள், மேலதிகாரியின் அறிக்கை ஆகியவற்றோடு, தத்தம் தொழில் பற்றிய எழுத்துப் பரீட்சையின் புள்ளிகளும் கூட்டப்பட்டன. தான் பெற்ற புள்ளிகள் எவை என்பதை ஒவ்வொரு வீரனும் அறியலானான்.

ஆனால், அவ்வினாத்தாளைத் தயாரிப்பது யார்? அனுபவம் முதிர்ந்த சார்ஜன்ட்மாரை அழைத்து எழுதுவிப்பதே வழக்கம். அவர்கள் தொழிலறிந்தவர்களே. எனினும் ஒவ்வொருவரும் தாம் பணியாற்றிய முகாமையும் தாம் பழகிய இயந்திரத்தையுமே உலகமெனக் கருதுதல் இயல்பு. ஒரு முகாமில் அன்றாடம் நிகழும் வேலை மற்றொரு முகாமில் ஆண்டுக்கொருமுறையும் நிகழாதிருக்கலாம்.

இக்குறையை நீக்கக் கைக்கொண்ட வழியே தொழில் ஆய்வு. டெக்சாஸ் மாநிலத்து லாக்லண்ட் தளத்தில் ரேமண்ட் கிறிஸ்டல் என்னும் உளவியலறிஞரும் அவர்தம் குழுவினரும் 1960 களில் இதற்கான முறையை வகுத்தனர். ஒரு தொழிலுக்குரிய வேலைகள் அனைத்தும், நூற்றுக்கணக்கிலாயினும், ஒன்றொன்றாகப் பட்டியலிடப்படும். அப்பட்டியல் அத்தொழில் புரியும் வீரர்களிடமே கொடுக்கப்படும். தாம் செய்யும் வேலை எது, ஏனையவற்றோடு ஒப்பிடுகையில் அதில் செலவாகும் நேரம் எவ்வளவு என்பதை அவர்கள் குறிப்பர். விடைகளைக் கணனி தொகுத்து, எந்த வேலையை நூற்றுக்கு எத்தனை பேர் செய்கின்றனர் என்பதைக் காட்டும். வினாத்தாள் எழுதுவோர் இத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே எந்தப் பகுதிக்கு எத்தனை வினா என வகுப்பர். மிகச் சிலரே செய்யும் வேலையைப் பலரின் வாழ்வைத் தீர்மானிக்கும் வினாவாக்குவதற்கு அங்கே தடை உண்டு.

எண்ணிக்கை ஒன்றே நீதியாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். நமது கமக்காரருக்கு இது விளங்காததன்று. குளத்துக்குப் பொறுப்பானவன் ஆண்டில் பல மாதம் வாய்க்காலைத் துப்புரவு செய்கிறான். மாரி வெள்ளத்தில் வான்கதவைத் திறப்பது சில நிமிட வேலை. ஆயினும் அச்சில நிமிடத்தில் அவன் தவறினால் ஊரே அழியும். ஆகவேதான் அவ்வாய்வில் வேலையின் கடினம் எத்தகையது, அதிற் பயிற்சி எவ்வளவு இன்றியமையாதது என்பனவற்றை மூத்த தொழிலாளர் தனியே மதிப்பிடுகின்றனர்.

மேலும், எழுத்தில் அறிந்தவன் கையால் செய்யவும் வல்லவனா? 1976 முதல் 1980 வரை அமெரிக்கப் படைகளின் நுழைவுப் பரீட்சைப் புள்ளிகள் தவறாகக் கணிக்கப்பட்டு, தகுதி குறைந்தோர் பெருந்தொகையினர் சேர்க்கப்பட்டனர். அத்தவறு வெளிப்பட்டபின், 1980 களில் படைகள் அனைத்தும் கூடி, வீரர்களை உண்மையான கருவிகளில் வேலை செய்யவிட்டு, அப்பெறுபேற்றை எழுத்துப் பரீட்சையோடு ஒப்பிட்டன. இரண்டுக்கும் தொடர்புண்டு, ஆனால் ஒன்று மற்றொன்றாகிவிடாது என்பதே கண்ட பயன்.

குடியியல் தொழில்களிலும் இதே நெறியைச் சட்டம் ஏற்றது. வட கரோலினாவின் மின்நிலையமொன்றில், வேலைக்குத் தொடர்பற்ற கல்விச் சான்றிதழும் பொதுப் பரீட்சைகளும் கறுப்பினத் தொழிலாளரை வெளியே நிறுத்தின. 1971 இல் கிறிக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒருமித்த குரலில், அத்தகைய பரீட்சை வேலையின் தேவையோடு பொருந்துவதாக நிரூபிக்கப்படல் வேண்டுமெனத் தீர்த்தது. தீய எண்ணம் இல்லையென்பது போதிய விடையாகக் கொள்ளப்படவில்லை.

இந்நெறியை எண்ணும்போது நமது கோடீஸ்வரன் வழக்கு நினைவுக்கு வராதிருக்குமா? திறைசேரியின் 1961 ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தின்படி சிங்களத் தேர்ச்சி பெறாமையால், தமிழ் எழுதுவினைஞர் ஒருவரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்கு வழக்கிடவே முடியாதெனத் தள்ளியது. 1969 இல் பிரிவி கவுன்சில், வழக்கிடலாம் எனக் கூறி மொழிப் பிரச்சினையை மீண்டும் இலங்கைக்கே அனுப்பியது. அப்பிரச்சினை இறுதிவரை தீர்க்கப்படவில்லை. அவர் ஆற்றிய கடமைக்கு எந்த அறிவு வேண்டும் என அளந்து பார்த்தே அச்சுற்றுநிருபம் எழுதப்பட்டதா? அப்படி எவரும் காட்டியதாக நாம் அறியோம்.

பரீட்சையே வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. பரீட்சை இல்லாத இடத்தில் சிபாரிசு ஆட்சி செய்யும் என்பதை அறிவோம். நாம் கோருவது ஒன்றே. பரீட்சை வைப்பவர், வினாத்தாளுக்கு முன்னர் வேலையின் பட்டியலை மேசைமேல் வைக்கட்டும். அப்பட்டியலை அவ்வேலையைச் செய்பவர்களே எழுதியிருக்கட்டும். போர்ப்படைக்கே சாத்தியமான இந்நேர்மை குடியியல் அரசாங்கமொன்றுக்கு ஆகாதெனக் கூறுவோர், அதற்குரிய நியாயத்தை மக்கள் முன் உரைக்கக் கடமைப்பட்டவர்கள்.