இரண்டு நாளோடு முடிந்துவிடுகிறாளா தாய்?

தமிழ்நாட்டில் பிரசவம் என்று பேச்செடுத்தாலே அமைச்சர் முதல் அதிகாரி வரை எல்லோர் முகத்திலும் பெருமிதம் பொங்குகிறது. பொங்கட்டும். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறக்கிறார்கள் என்பது 2018-20 காலத்துக் கணக்கு. அப்போது நாட்டின் சராசரி 97. பிரசவ அறைகளில் விடிய விடிய நின்ற செவிலியர்களும் மருத்துவர்களும் ஈட்டித் தந்த எண்கள் இவை. அவர்களைக் குறை சொல்ல இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை.

எண்ணைப் படித்துவிட்டு எழுந்து போய்விட்டவர்களைக் கண்டிக்கவே எழுதுகிறோம். அதே ஆய்வின் தஞ்சாவூர் மாவட்டச் சுருக்க அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் எத்தனை முறை பரிசோதனைக்கு வந்தாள், இரும்புச்சத்து மாத்திரை எத்தனை நாள் விழுங்கினாள், எங்கே பெற்றாள், கத்தி பட்டதா என்று வரிசையாகக் கணக்கு இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு தாய்க்கென்று ஒரு கேள்வி: இரண்டு நாளுக்குள் அவளை யாராவது பரிசோதித்தார்களா? அதன் பிறகு பார்வை தொட்டிலுக்குப் போய்விடுகிறது. தடுப்பூசி, தாய்ப்பால், எடை, உயரம் என்று குழந்தையின் கணக்கு நீள்கிறது. மூன்றாம் நாளிலிருந்து அவள் உடம்பும் மனமும் பட்ட பாட்டைக் கேட்க அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது.

சிசேரியனையே எடுத்துக்கொள்வோம். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் அறுவைச் சிகிச்சையில் நடக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. ஒரு நாட்டில் இந்த விகிதம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அதனால் தாய்-சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஏன் இத்தனை என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். கிட்டத்தட்ட பாதித் தாய்மார்கள் தையல் போட்ட வயிற்றோடு வீடு திரும்பும் மாநிலத்தில், அந்தத் தையல் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது, எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள், எந்த வாரத்தில் தண்ணீர்க் குடம் தூக்க ஆரம்பித்தார்கள் என்று மாவட்டவாரியாகச் சொல்ல ஒரு பொதுக் கணக்கு வேண்டாமா? பிரசவத்தால் வரும் நீண்டகால உடல், மனத் தொல்லைகளால் உலகில் ஆண்டுக்கு நான்கு கோடிப் பெண்களாவது அவதிப்படுகிறார்கள் என்று 2023 இறுதியில் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் எழுதியது. முதுகுவலி, சிறுநீர் அடக்க முடியாமை, தாம்பத்தியத்தில் வலி, பதற்றம், மனச்சோர்வு என்று நீண்ட பட்டியல் அது. நம் ஊரில் இவற்றில் பாதிக்கு, "பிள்ளை பெத்த உடம்புன்னா அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரே மருந்துதான்.

ரத்தசோகை இன்னொன்று. ஐந்தாவது குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதற்கு முந்தைய ஆய்வில் இது 44.4. குறைய வேண்டியது ஏறியிருக்கிறது. கர்ப்பத்தில் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை, பெற்ற பிறகும் 180 நாள் என்று 2018இல் தொடங்கிய தேசியத் திட்டம் விதித்திருக்கிறது. முதல் 180 நாளுக்கு அந்த அறிக்கையில் கணக்கு உண்டு. இரண்டாவது 180 நாளுக்கு அதில் கணக்கு இல்லை.

மனத்தைப் பற்றிப் பேசினால் கோபம் இன்னும் கூடுகிறது. இது அமெரிக்காவிலிருந்து வந்த புது நோய் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் சி.எம்.சி. மருத்துவர்கள் கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதத்தில் பார்த்து, பெற்ற ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் மறுபடி பார்த்தார்கள். புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். அந்த ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்தது. யாருக்கு வந்தது என்பதையும் எழுதினார்கள்: வருமானம் குறைந்தவள், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பெற்றவள், மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதவள், கர்ப்ப காலத்தில் பெரிய துயரம் கண்டவள், கைவேலைக்கு ஆள் இல்லாதவள். இந்தப் பட்டியலைக் கொண்டுபோய் பூதலூரிலோ பேராவூரணியிலோ ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டினால், "இதைச் சொல்ல ஆராய்ச்சி வேணுமாக்கும்" என்பார். இந்தியா முழுவதும் நடந்த 38 ஆய்வுகளை, இருபதாயிரம் தாய்மார்களை, ஒன்றாகத் திரட்டி 2017இல் கணக்கிட்டபோது சராசரி 22 சதவீதமாக வந்தது. ஐந்தில் ஒருத்திக்கும் மேல்.

கண்டுபிடிக்கக் கருவி இல்லையா? இருக்கிறது. எடின்பரோவில் 1987இல் உருவான பத்துக் கேள்வித் தாள், கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று மட்டும் கேட்பது, 2005இலேயே தமிழில் சரிபார்க்கப்பட்டுவிட்டது. ஐந்து நிமிட வேலை. அவளைத் தேடிப் போகவும் வேண்டாம். பிறந்த ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் புதன்கிழமை காலை பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவளே துணை சுகாதார நிலையத்துக்கு வந்து நிற்கிறாள். பிள்ளையை எடை போடுகிறார்கள், தொடையில் ஊசி போடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் கொடுக்கச் சொல்லி மருந்தும் தருகிறார்கள், அடுத்த தேதியை அட்டையில் எழுதுகிறார்கள். தூக்கி வந்தவளிடம், "நீ தூங்குறியாம்மா?" என்று கேட்பது மட்டும் விதியில் இல்லை, கேட்கிற செவிலியர் தன் நல்ல மனத்தால் கேட்கிறார். அங்கொன்றும் இங்கொன்றுமாக முயற்சிகள் இருக்கலாம். கணியம்பாடி ஆய்வு வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் இது ஒவ்வொரு தாய்க்கும் கட்டாயமாக நடக்கும் அன்றாடப் பணியாகவில்லை என்றால், அதற்கு மக்கள் நல்வாழ்வுத் துறை பதில் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வையும் பதற்றத்தையும் விசாரித்தறிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2022 மார்ச்சில் வழிகாட்டிவிட்டது. இனி எந்த உத்தரவுக்குக் காத்திருக்கிறார்கள்?

காவிரி டெல்டாவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. சென்னையில் உட்கார்ந்து கர்ப்பப் பதிவுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. இங்கே தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஒரத்தநாட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் அங்கேதான் கர்ப்பத்தைப் பதிவு செய்கிறாள். வளைகாப்பு முடிந்து மன்னார்குடிப் பக்கம் தாய்வீடு போகிறாள். தஞ்சை ராஜா மிராசுதார் மருத்துவமனையிலோ திருவாரூர் மருத்துவக் கல்லூரியிலோ பெறுகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்புகிறாள். பிறப்புச் சான்றிதழுக்கு வேண்டும் என்பதால் அந்தப் பதிவுக்குத் தரும் பிக்மி எண்ணை வீட்டார் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆனால் ஆறாவது வாரத்தில் அந்தப் பெண் எந்த ஊர்ச் செவிலியரின் பொறுப்பு? பதிந்தவர், "அவ அம்மா வீட்டுல இருக்கா" என்பார். தாய்வீட்டு ஊர்க்காரர், "அது எங்க கேஸ் இல்ல" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஏற்கெனவே பதிவேடும் கணினியுமாகப் பாதி நாள் போகும் அவர்களைத் திட்டிப் பயனில்லை. தாய் எங்கே இருக்கிறாளோ அந்த ஊர்ச் செவிலியரே பொறுப்பு என்று ஒரு வரி உத்தரவு போட முடியாதவர்களைத்தான் திட்ட வேண்டும்.

அடுத்தது வயல். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு தொடங்கும். பிறகு சம்பா, தாளடி. நடவு இயந்திரம் வந்த பிறகும் வரிசை பிடித்துக் குனியும் கைகள் பெண்களுடையவை. கைப்பிள்ளைக்காரி வரப்போரம் மரத்தில் தூளி கட்டிவிட்டு இறங்குகிறாள். பால் கட்டி மார்பு கனக்க, நனைந்த ரவிக்கையோடு, சேற்றில் வெறுங்காலோடு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறாள். இவள் எத்தனையாவது வாரத்தில் வயலில் இறங்கினாள் என்று எவரேனும் கேட்டதுண்டா? தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம். வரவேற்கிறோம். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, அதன் கீழ் வருவோருக்கு 26 வாரச் சம்பளம் கிடைக்கிறது. அதற்கும் நடவாளுக்கும் சம்பந்தமே இல்லை. அவளுக்கு உள்ளது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய். அதிலும் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாகப் போய்விடும். 2018இல் நிர்ணயித்த தொகை அது. மத்திய அரசின் திட்டத்தோடு இணையதளத்தை இணைத்ததில் சிக்கல் என்று காரணம் சொல்லி, பணத்துக்காகத் தாய்மார்களை மாதக்கணக்கில் காத்திருக்க வைத்ததையும் பார்த்தோம். பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு வரும் பேறுகாலப் பணத்துக்கு என்ன பெயர் வைப்பது?

அந்தத் திட்டத்தின் விதி இன்னும் மோசம். 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதல் இரண்டு பிள்ளைகளோடு சரி. அதாவது பதினெட்டில் பெற்றவளுக்கும், மூன்றாவது பெற்றவளுக்கும் கிடையாது. மருத்துவப் பாடத்தில் ஆபத்து அதிகம் என்று குறித்திருப்பது இந்த இருவரைத்தான். குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பணிந்தால் பணம், இல்லையேல் பட்டினி என்பது மகப்பேறு உதவி ஆகாது, அது தண்டனை. புதுக்கோட்டையில் பிறந்து, மருத்துவம் படித்து, சட்டமன்றத்துக்குள் நுழைந்து பெண்களுக்காக வாதாடிய அந்த அம்மையாரின் பெயரை இந்த விதியின் தலையில் எழுதியிருக்கிறார்கள்.

(முன்பு கொடுத்த குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் பதினாறு பொருள் இருந்தது. அதில் தாய்க்கென்று இருந்தவற்றில் முக்கியமானவை ஒரு குளியல் சோப்பும் சௌபாக்ய சுண்டி லேகியமும்தான். நமது முன்னுரிமை என்னவென்று அந்தப் பையே சொல்லியது.)

எல்லாவற்றையும்விடக் கசப்பானதற்கு வருவோம். பிள்ளை பெற்ற சில மாதத்தில் ஒரு பெண் தன்னுயிரை மாய்த்துக்கொண்டால் காவல் நிலையத்தில் என்ன எழுதுகிறார்கள்? "தீராத வயிற்றுவலி" அல்லது "குடும்பத் தகராறு". பத்திரிகைகளிலும் அப்படியே அச்சாகிறது. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் என்றால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. வரதட்சணை கேட்டார்களா என்று விசாரிப்பார். கேட்க வேண்டியதுதான். ஆனால் பிள்ளை எப்போது பிறந்தது, அதன் பிறகு அவள் தூங்கினாளா, சாப்பிட்டாளா, யாரிடமாவது எதையாவது சொன்னாளா என்று கேட்க அந்த விசாரணையில் மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டாமா? கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் நேரும் தற்கொலையை நேரடி மகப்பேறு மரணமாகவே வகைப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இலேயே சொல்லிவிட்டது. பிரிட்டனில் மகப்பேறு மரணங்களை 1952 முதல் ரகசியம் காத்து ஆராய்கிறார்கள். ஆறு வாரம் முதல் ஓராண்டு வரையான காலத்தில் தாய்மார்களின் நேரடி மரணங்களுக்கு முதல் காரணமாக அங்கே தற்கொலை நிற்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் அப்படி ஆராய்ந்து, தற்கொலையும் பெரிய காரணமாகிவிட்டது என்று வெளிப்படையாக எழுதியது. எண்ணிப் பார்த்தால் நம் 54 கூடிவிடுமோ என்ற அச்சம்தான் இங்கே தடை என்றால், அந்த 54ஐ மேடையில் சொல்லும் தகுதியை அரசு இழந்துவிடுகிறது.

மனநல மருத்துவர்கள் போதவில்லை என்பது வழக்கமான பதில். பாகிஸ்தானில் ராவல்பிண்டி அருகே கிராமங்களில் நம் செவிலியர்களை ஒத்த சுகாதாரப் பணிப்பெண்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுற்ற தாய்மார்களின் வீட்டுக்கு அனுப்பிப் பேச வைத்தார்கள். மருந்து இல்லை, மருத்துவரும் இல்லை. ஆறாம் மாத முடிவில் அந்தப் பெண்களில் 23 சதவீதம் பேருக்கே சோர்வு நீடித்தது. அந்த உதவி கிடைக்காதவர்களில் 53 சதவீதம். 2008இல் லான்செட்டில் வெளியான முடிவு அது. உலக சுகாதார நிறுவனம் அதைக் கையேடாகவே போட்டுவிட்டது. ஆள் இல்லை, பணம் இல்லை என்ற சாக்கு இங்கே எடுபடாது.

ஆகவே கேட்கிறோம். தஞ்சை, திருவாரூர், நாகை என்று டெல்டாவில் மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து, இந்த மண்ணின் தாய்மார்களைக் கர்ப்பத்திலிருந்து ஓராண்டு வரை தொடர்ந்து பார்க்கும் ஆய்வை அடுத்த குறுவைக்குள் தொடங்கட்டும். நடவாள், செங்கல் சூளையாள், வீட்டிலிருப்பவள் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். முடிவைப் பட்டமேற்படிப்பு மாணவரின் ஆய்வேடாக அலமாரியில் அடுக்காமல் தமிழில் அச்சிட்டு ஊராட்சிக்கு ஊராட்சி அனுப்ப வேண்டும். ஆறாவது வாரத் தடுப்பூசி நாளில் தாய்க்கும் பத்துக் கேள்வி, ஒரு ரத்தப் பரிசோதனை, தையல் பார்வை என்பதைப் பொது சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். வயது வரம்பும் பிள்ளை எண்ணிக்கை வரம்பும் ஒழிய வேண்டும். பணம் பிரசவத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். வேளாண் கூலிப் பெண்ணுக்கு ஆறு மாதக் கூலி இழப்பீடு வேண்டும். அரசு ஊழியருக்குப் பன்னிரண்டு மாதம் கொடுத்த அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல. பிரசவமான ஓராண்டுக்குள் நேரும் ஒவ்வொரு தற்கொலையையும் மகப்பேறு மரண ஆய்வுக் குழுவின் முன் வைக்க வேண்டும். இவற்றில் எதற்கு எத்தனை நாள் என்று துறை தேதி போட்டு அறிவிக்கட்டும்.

அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைபெற்றவள் இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுதால், பிள்ளையைத் தொடவே மனமில்லாமல் கிடந்தால், வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால், பேய் பிடித்தது என்று வேப்பிலை தேடாதீர்கள். அவளைத் தனியே விடாதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 104, 14416 ஆகிய இலவச எண்களில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.